தேயிலை மலையகத்தில், முடிச்சு பொலோனியாவில்

ஒரு ரீ பாக்கை எடுத்துப் பிரிச்சுப் பாருங்கோ. உள்ளே ரெண்டு கிராம் தேயிலைத் தூள். அதைச் சுற்றி வடிகட்டும் தாள். ஒரு நூல். நூலின் மற்ற முனையில் கொம்பனியின் பெயர் அச்சிட்ட சின்ன அட்டை. சில பைகளில் நூலையும் தாளையும் ஒரு துண்டுக் கம்பி பிடித்திருக்கும். சிலவற்றில் கம்பியே இருக்காது, நூலால் போட்ட முடிச்சு மட்டும்தான். அந்த முடிச்சை ஒருக்காக் கவனியுங்கோ. அதை எந்த மனிசக் கையும் போடவில்லை. தாளை மடித்து, தூளை அளந்து கொட்டி, நூலை வெட்டி, முடிச்சுப் போட்டு, அட்டையை மாட்டி, உறையில் போட்டு, பெட்டியில் அடுக்கி வைப்பதெல்லாம் ஒரே மெசின்.

அந்த மெசின் எங்கேயிருந்து வருகிறது? எங்கட நாட்டுத் தேயிலைப் பொதியிடும் ஆலைகளில் போய்ப் பார்த்தால் இத்தாலி மெசின்களையும் ஜேர்மன் மெசின்களையும் காணலாம். இத்தாலி எண்டால் பெரும்பாலும் பொலோனியா நகரத்தைச் சுற்றியுள்ள பட்டறைகள். பொலோனியாவில் தேயிலைத் தோட்டம் கிடையாது. அந்த ஊர்ச் சனம் விரும்பிக் குடிக்கிறது கோப்பி. ஆனால் உலகம் முழுக்கத் தேயிலைக்கு முடிச்சுப் போடுகிற மெசினை அவர்கள்தான் செய்து விற்கிறார்கள்.

இது புதுக்கதையும் இல்லை. அசாமில் தேயிலைத் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் என்ற ஐரிஷ்காரர், கொழுந்து சீராகக் காயாமல் கெட்டுப்போவதைப் பார்த்துப் பார்த்து அலுத்து, உலர்த்தும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். ஊர் திரும்பி 1881இல் பெல்ஃபாஸ்டில் 'சிரோக்கோ' தொழிற்சாலையைத் தொடங்கினார். தேயிலை ஆசியாவில் விளைந்தது. அதைப் பதப்படுத்தும் இரும்பு அயர்லாந்தில் வார்க்கப்பட்டது. கொழுந்து பறித்த கைக்குக் கிடைத்த கூலியையும் இரும்பு வார்த்த ஊருக்குப் போன காசையும் ஒப்பிட வேண்டுமெண்டால் பழைய கணக்குப் புத்தகம் தேவையில்லை. 2024 செப்டெம்பரில், எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. அதை நினைவில் வைத்தால் போதும்.

எங்கட நாட்டில் 'பெறுமதி சேர்த்தல்' எண்டு ஒரு சொல் அடிக்கடி அடிபடும். அமைச்சர் சொல்லுவார், என்.ஜி.ஓ. சொல்லும், வங்கி சொல்லும். மூட்டையாக விற்காதே, பக்கற் பண்ணி வில். சரி, நல்ல விசயம். ஆனால் அந்தப் பேச்சு பக்கற்றோடேயே முடிந்துவிடுகிறது. பக்கற் பண்ணுகிற மெசினை ஆர் செய்வது எண்டு ஆரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே கேட்கிறோம். எங்கட கருத்து இதுதான்: ஒரு சின்ன மெசின் கொம்பனி வளருவதற்குப் பெரிய முதல் மட்டும் காணாது. பிடிவாதமான ஒரு உள்ளூர்ப் பிரச்சினை, கைவேலையை மதிக்கிற ஒரு பள்ளிக்கூடம், பக்கத்திலேயே நாலு பட்டறை, இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். எங்களிட்ட இந்த மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை.

பட்டு பட்டுப்போன ஊர்

பொலோனியா ஒருகாலத்தில் பட்டு நகரம். வாய்க்கால் தண்ணியால் ஓடும் பட்டு நூற்கும் ஆலைகள் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் ஓடின. அந்த ஆலையின் அமைப்பு ஊர் இரகசியம். வெளியூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு மரண தண்டனை என்கிற அளவுக்குப் பொத்திப் பொத்திக் காத்தார்கள். ஆனாலும் இரகசியம் வெளியே போனது, சந்தையும் போனது. 19ஆம் நூற்றாண்டு பிறந்தபோது அது ஒரு நொடிந்துபோன நகரம்.

அந்த ஊரில் ரெண்டு பேர் தங்கள் சொத்தை நகரசபைக்கு எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனார்கள். ஒருவர் பொருளியலாளர் லுயீஜி வலேரியானி. மற்றவர் பௌதிகவியலாளர் ஜொவான்னி அல்தீனி. செத்த தவளையின் காலைத் துடிக்க வைத்த கல்வானியின் மருமகன் இவர். ரெண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: ஊர்க் கைவினைஞரின் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் படிப்பியுங்கோ. கோயில் கட்டு, சிலை வை எண்டு கேட்கவில்லை. அப்படிப் பிறந்ததுதான் அல்தீனி-வலேரியானி தொழில்நுட்பப் பள்ளி. 1844இல் வகுப்புகள் தொடங்கின. இன்றும் அந்தப் பெயரில் பள்ளி இருக்கு. ஒரு கையில் கணிதமும் மறு கையில் அரமுமாகப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பெரிய ஆலைகள் காத்திருக்கவில்லை. எண்பது வருடம் கழித்துத்தான் அந்த முதலீடு முழுசாகக் காய்த்தது. எங்கட ஊரில் ஒரு திட்டத்துக்கு மூன்று வருடம் கொடுத்துவிட்டு 'பெறுபேறு எங்கே' எண்டு கேட்கிற ஆக்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

1924இல் கயெதானோ பார்பியேரி என்பவர் அக்மா என்ற கொம்பனியைத் தொடங்கினார். அதே ஊரில் 'இத்ரோலித்தீனா' எண்டு ஒரு தூள் செய்து விற்றார்கள். தண்ணியில் கரைத்தால் சோடா மாதிரி நுரைக்கும். அந்தத் தூளைச் சின்னச் சின்னப் பக்கற்றில் அடைக்க வேண்டும். தூள் ஈரத்தைக் குடிக்கும், கட்டி பிடிக்கும், நிறை பிசகும். இந்தத் தலையிடியைத் தீர்க்கத்தான் அக்மா மெசின் செய்தது. கவனியுங்கோ: உலகச் சந்தையை ஆராய்ந்து அவர்கள் தொடங்கவில்லை. பக்கத்துத் தெரு வாடிக்கையாளரின் தூள்தான் தொடக்கம்.

அக்மாவுக்கு வந்த புரூட்டோ கார்பிஜானி என்ற இளம் வடிவமைப்பாளர் மிட்டாய், சொக்லேட் எண்டு ஒவ்வொன்றாகச் சுற்றும் மெசின்களை வரைந்தார். அவரோடு வேலை செய்தவர்கள், அவருக்குப் பின் வந்தவர்கள் எண்டு பலர் வெளியேறித் தங்கட பட்டறைகளைத் தொடங்கினார்கள். ஒருவர் சவர்க்காரம் சுற்ற, இன்னொருவர் மருந்துக் குளிசை அடைக்க. பொலோனியாவில் ஒரு பழைய செங்கல் சூளையை மாற்றிக் கைத்தொழில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கே இந்தக் கொம்பனிகளின் வம்சாவளியை மரமாக வரைந்து காட்டியிருக்கிறார்கள். அடியில் அக்மா, மேலே கிளை கிளையாக மற்றவை. கார்பிஜானி 1945இல் இறந்துபோனார். அவர் யோசித்து வைத்த ஐஸ்கிறீம் மெசினை எடுத்துக்கொண்டு அவருடைய தம்பி 1946இல் தொடங்கிய கொம்பனிதான் இன்றைக்கு உலகம் முழுக்க ஐஸ்கிறீம் கடைகளில் நிற்கிற மெசின்களைச் செய்கிறது.

ஒரு பட்டறை எப்படி வளருது?

1961இல் அந்திரேயா ரொமாஞ்யோலி என்பவர் பொலோனியாவில் 'இமா' என்ற சின்னக் கொம்பனியைத் தொடங்கினார். பெயரின் அர்த்தம் 'தானியங்கி இயந்திரத் தொழில்' என்பதுதான், வேறு அலங்காரம் இல்லை. பிறகு வாக்கி குடும்பத்தின் கையில் அது வளர்ந்தது. அவர்கள் பிடித்துக்கொண்ட பொருட்களில் ஒன்று ரீ பாக். இன்றைக்கு அந்தக் குழுமத்தில் 6,000க்கு மேற்பட்ட ஆட்கள் வேலை செய்கிறார்கள். 1995இல் மிலான் பங்குச் சந்தைக்குப் போய், 2021இல் அதிலிருந்து வெளியேறியும் விட்டது.

இடையில் நடந்த வளர்ச்சியில் இருந்து எங்களுக்குப் பிரயோசனமான மூன்று விசயங்களை எடுக்கலாம்.

முதலாவது, ஒடுக்கமான ஒன்றைப் பிடித்தது. 'எல்லாவிதப் பொதியிடல் இயந்திரங்களும் செய்து தரப்படும்' எண்டு பலகை போட்டால் ஊருக்குள்ளேதான் சுத்தலாம். ரீ பாக்கில் முடிச்சுப் போடுவது எண்டு ஒன்றைப் பிடித்து, அதை ஆரும் செய்யாத அளவுக்கு நல்லாச் செய்தால், கொழும்பிலும் மொம்பாசாவிலும் கொல்கத்தாவிலும் ஆள் தேடி வரும். பொருள் எவ்வளவு ஒடுங்குதோ சந்தை அவ்வளவு அகலும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கே அதுதான்.

இரண்டாவது, எல்லாத்தையும் தானே செய்யாதது. பழைய பொதியிடல் மெசின் ஒன்றைத் திறந்து பார்த்தால் நடுவில் ஒரு பெரிய சுழல்தண்டு இருக்கும். அதில் முட்டை வடிவம், இலை வடிவம் எண்டு விதம் விதமாக வெட்டிய 'காம்' சில்லுகள். ஒவ்வொரு சில்லும் ஒரு வேலைக்கு நேரம் சொல்லும்: இப்ப தாளை இழு, இப்ப வெட்டு, இப்ப சூடு வை. ஒரு சில்லு தலைமயிர் அளவு பிசகினாலும் பக்கற் கிழியும். இப்போது அந்த வேலையைக் கணினி சொல்லுக் கேட்கிற சேர்வோ மோட்டர்கள் செய்கின்றன. எண்டாலும் துல்லியமாக இரும்பு வெட்டும் கை இன்னும் தேவை. பெரிய கொம்பனி வரையும், பூட்டும், விற்கும். சில்லு வெட்டுவது ஒரு பட்டறை, தகடு மடிப்பது இன்னொன்று, பல்லுச்சக்கரம் வேறொன்று. எல்லாம் சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில். வரைந்தவனும் வெட்டினவனும் ஒரே மேசையில் கோப்பி குடித்தபடி பிழையைப் பிடிக்கலாம்.

மூன்றாவது, மெசினை விற்றதோடு உறவை முடிக்காதது. ஒரு பொதியிடல் மெசின் இருபது வருடம் ஓடும். அந்த இருபது வருடமும் அதற்குக் கத்தி வேணும், பட்டி வேணும், வெப்பக் கம்பி வேணும். பக்கற்றின் அளவு மாறினால் புது அச்சு வேணும். சின்னக் கொம்பனிக்கு மாதச் செலவைக் கட்டுவது பல நேரம் இந்தச் சில்லறை வேலைதான். எங்கட ஊர் மெசின் வேண்டின ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ. மெசின் வாங்கின விலையைவிட, அது நிண்டுபோய்க் கிடந்த நாளின் கதையைத்தான் சொல்லுவினம்.

இன்னொன்றும் சொல்ல வேணும். பட்டறைக்கு இடம் வேண்டும். பொலோனியாவுக்குப் பக்கத்து நகரம் மொடேனா. அங்கே 1950 ஜனவரி 9ஆம் திகதி வார்ப்பாலை வாசலில் ஆர்ப்பாட்டம் செய்த தொழிலாளரில் ஆறு பேரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. வேலையும் போய் உயிரும் போன அந்த நகரத்தின் இடதுசாரி நகரசபை 1953இல் ஒரு வேலை செய்தது. காணி வாங்கி, துண்டாக்கி, ரோட்டும் மின்சாரமும் போட்டு, வேலை இழந்த தொழிலாளர் சொந்தமாகப் பட்டறை போடக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. 'கைவினைஞர் கிராமம்' எண்டு பெயர். பிறகு எமிலியா-ரொமாஞ்யா மாகாணம் முழுக்க அந்த வழி பரவியது. உள்ளூராட்சி எண்டால் குப்பை அள்ளுவதும் சந்தை குத்தகைக்கு விடுவதும் மட்டும்தான் எண்டு நினைக்கிற எங்கட பிரதேச சபைகளுக்கு இந்தக் கதையை ஆராவது சொல்ல வேணும்.

எரிந்த நகரத்தின் மெக்கானிக்

ஜேர்மன் ரீ பாக் மெசினின் கதை வேறு விதம். ட்ரெஸ்டன் நகரத்தில் 1882இல் தொடங்கிய ஒரு தேயிலைக் கொம்பனி 'டேகன்னெ' என்ற பெயரில் தேயிலை விற்றது. அந்தச் சொல்லின் அர்த்தம் தேநீர்க் கெண்டி. 1920களில் அங்கே அடோல்ஃப் ராம்போல்ட் என்ற இளம் தொழில்நுட்பவியலாளர் சேர்ந்தார். தேயிலைப் பையைக் கையால் கட்டாமல் மெசினால் செய்வது எப்படி என்பதுதான் அவருடைய தலையில் ஓடிய கேள்வி. 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சில் ட்ரெஸ்டன் எரிந்தது, தொழிற்சாலையும் போனது. ஆக்கள் மேற்கு ஜேர்மனிக்குப் போய்த் திரும்பவும் தொடங்கினார்கள். மெசின் செய்வதற்கெண்டே 'டேபாக்' என்ற கொம்பனி பிறந்தது. 1949இல் ராம்போல்டின் 'கொன்ஸ்டன்டா' மெசின் வெளியே வந்தது. நிமிசத்துக்கு 160 பைகள். பசை இல்லாமல் மடிப்பாலேயே நிற்கும் இரட்டை அறைப் பையும் அவருடைய வேலைதான்.

அழிவுக்குப் பிறகு நாலு வருடத்தில் இது எப்படி முடிந்தது? மார்ஷல் உதவி, புது நாணயம் எண்டு பெரிய காரணங்கள் சொல்லலாம், அவை உண்மையும்தான். ஆனால் கட்டடம் எரிந்தாலும் இருபது வருட அனுபவம் ஒரு மனிசனின் தலையிலும் கையிலும் தப்பி வந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேணும். எங்கட போர் கட்டடத்தோடு கையையும் தலையையும் சேர்த்துக் கொண்டுபோனது. மிச்சம் இருந்தவை கப்பல் ஏறின, விமானம் ஏறின. இதைச் சொல்லாமல் 'அவங்களால முடிஞ்சது, எங்களால ஏன் முடியாது' எண்டு ஊக்கப் பேச்சு பேசுவது நேர்மை இல்லை.

இங்கே என்ன இருக்கு?

எண்டாலும் ஒண்டும் இல்லை எண்டும் சொல்ல ஏலாது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் எப்படி ஓடினது எண்டு எங்கட அப்பாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெற்றோலில் ஓட வேண்டிய எஞ்சினை ஒரு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டார்கள். பற்றரி, ரியூப், சோப்பு எண்டு எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று வழி. அது வறுமையின் பெருமை இல்லை. ஒரு பிரச்சினையைக் கண்டு, இருக்கிறதை வைத்துத் தீர்வு செய்து, பிழைத்தால் திரும்பச் செய்கிற பொறியியல் மனம் அது. வாகனப் பாதை திறந்து சாமான் வந்த உடனே அந்த மனத்துக்கு வேலை இல்லாமல் போனது. அதை ஆரும் எழுதி வைக்கவும் இல்லை, வகுப்பாக்கவும் இல்லை.

அதற்கு முதல் எங்களிட்டப் பெரிய ஆலைகள் இருந்தன. காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையில் காகிதம். அவற்றின் இழப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசவும் வேணும். ஆனால் அவை எல்லாம் கொழும்பில் தீர்மானித்து முழுசாகக் கொண்டுவந்து இறக்கிய ஆலைகள். அவற்றின் நிழலில் உதிரிப்பாகம் செய்கிற நூறு பட்டறைகள் முளைக்கவில்லை. பெரிய மரம் விழுந்தபோது அடியில் கன்றுகள் இல்லை. இனியும் 'ஒரு பெரிய ஃபக்டரி வரட்டும்' எண்டு காத்திருப்பது அதே மரத்துக்குத்தான் காத்திருப்பது.

போருக்குப் பிறகு என்ன நடந்தது? ஊர் ஊராக மகளிர் குழுக்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, சத்துமா, முருங்கையிலைத் தூள். பக்கற்றின் வாயைச் சூட்டில் ஒட்டுகிற கை சீலர் ஒன்றும் ஒரு தராசும் கொடுத்து, படம் எடுத்து, அறிக்கை எழுதியாகிவிட்டது. கொஞ்சம் வளர்ந்த குழு மெசின் வாங்க நினைத்தால் வெளிநாட்டு மெசின் ஒன்றின் படத்தைப் பார்த்து வாங்க வேண்டியதுதான். அது எந்தத் தூளுக்குச் செய்ததோ அந்தத் தூளுக்குத்தான் சரியாக ஓடும். எங்கட மிளகாய்த்தூளில் எண்ணெய்ப் பிடிப்பு கூட, அது அளவைத் திருகாணியில் ஒட்டும். ஒடியல் மா நைசாக எழும்பிச் சூடு வைக்கிற இடத்தில் படிந்துவிடும். பிறகு பக்கற் ஒட்டாது. பனங்கட்டி மாரிக்காலத்தில் கசியும்.

இந்த மூன்று பிரச்சினையையும் எங்கட இத்ரோலித்தீனா எண்டு பாருங்கோ. பனங்கட்டியின் கசிவுக்கு எங்கட ஆக்கள் எப்பவோ ஒரு தீர்வு கண்டு வைத்திருக்கிறார்கள்: பனையோலைக் குட்டான். மூச்சு விடும், உடையாது, எறிந்தால் உக்கும். ஓலையை ஒரே அளவாக வாருகிற, மடிக்கிற சின்ன மெசின் ஒன்றைச் செய்ய பொலோனியாக்காரன் வரமாட்டான். அவனுக்கு அது பிரச்சினையே இல்லை. எங்களுக்குத்தான் பிரச்சினை. ஆகவே எங்களுக்குத்தான் வாய்ப்பு.

'சீனாவில் மலிவாக வருது, பிறகு எதுக்கு நாங்கள் செய்ய வேணும்?' எண்டு கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாரும் செய்கிற மெசினை நாங்கள் செய்து விலையில் வெல்ல முடியாது, முயலவும் தேவையில்லை. ஆனால் வாங்கின மெசினுக்கு ஒடியல் மாவுக்கேற்ற திருகாணியைக் கடைந்து போடலாம். ஒரு திருகாணியில் தொடங்கினவன் அஞ்சு வருடத்தில் முழு மெசினை விளங்கிக்கொள்வான். பொலோனியாவின் 'ஜி.டி.' கொம்பனி 1923இல் தொடங்கினபோது செய்தது மோட்டார் சைக்கிள். பொதியிடல் பிறகுதான் வந்தது. பிறகு அதுவே 1986இல் தாய்க் கொம்பனி அக்மாவை வாங்கியது.

ரெண்டு மதில்கள்

எங்களை உண்மையில் தடுக்கிறது காசை விட, ரெண்டு மதில்கள்.

முதல் மதில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் மேடையில் சொல்லமாட்டோம். இரும்போடும் மரத்தோடும் வேலை செய்வதை எங்கட சமூகம் சாதியாக்கி வைத்தது. கொல்லர், தச்சர் எண்டு பிரித்து, அவர்களின் அறிவைக் கல்வி எண்டு ஏற்காமல், 'கைவேலை' எண்டு கீழே தள்ளியது. இன்றைக்குச் சாதிப் பெயர் சொல்லாமலே அது நடக்குது. சாதாரண தரத்தில் பெறுபேறு குறைந்த பிள்ளையிடம் 'அப்ப தொழிற்பயிற்சிக்குப் போ' எண்டு தண்டனை மாதிரிச் சொல்கிறோம். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தபோதும் அதை 'கணிதம் ஓடாத பிள்ளைகளின் பிரிவு' ஆக்கிவிட்டோம். அல்தீனியும் வலேரியானியும் சொத்தை எழுதி வைத்தது இந்த எண்ணத்துக்கு நேர் எதிரான ஒன்றுக்காக.

இரண்டாவது மதில் கிளிநொச்சி அறிவியல்நகரில் நிக்குது. ஒரே ஊரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், அதே ஊரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம். வரையப் படிக்கிற பிள்ளையும் வெட்டப் படிக்கிற பிள்ளையும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். இதைவிட நல்ல வாய்ப்பு என்ன வேணும்? பீடத்து மாணவரின் இறுதியாண்டுச் செயற்திட்டத்தில் பாதியாவது உள்ளூரில் ஒரு மெசின் நிண்டுபோன இடத்தில் தொடங்கட்டும். அதைச் செய்து முடிக்கப் பக்கத்து நிறுவனத்துப் பிள்ளையின் கையும் பெயரும் அதில் இருக்கட்டும். சுன்னாகத்திலோ வவுனியாவிலோ லேத் போட்டிருக்கிற ஐயாவை வருடத்துக்கு நாலு தரம் வகுப்பெடுக்கக் கூப்பிடட்டும். சான்றிதழ் இல்லாத அவருக்குச் சம்பளமும் கொடுக்கட்டும். இதுக்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை, சுற்றறிக்கை தேவையில்லை. கூச்சத்தை விட்டால் போதும்.

சொர்க்கம் எண்டு சொல்லவில்லை

பொலோனியாவைக் கும்பிடச் சொல்லவில்லை. சின்னப் பட்டறை எண்டால் எல்லாம் அன்பும் பண்பும் எண்டு நினைக்கவும் கூடாது. இத்தாலியில் 1970இல் வந்த தொழிலாளர் சட்டம், நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கினவரைத் திரும்ப எடுக்க வேணும் எண்டு சொன்னது. ஆனால் 15 பேருக்கு மேல் வேலை செய்கிற இடங்களுக்குத்தான். சின்னப் பட்டறைத் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. குடும்பக் கொம்பனிகள் ஒன்றையொன்று விழுங்கி இன்றைக்குச் சில பெரிய குழுமங்களாகிவிட்டன. 'ஜி.டி.'யின் பெரிய வருமானம் சிகரெட் பொதியிடும் மெசினில் வந்தது. மெசினுக்கு மனச்சாட்சி கிடையாது.

ஆகவே எங்கட பக்கத்திலும் ரெண்டு கேள்வியை முதலே கேட்டு வைக்க வேணும். ஒன்று, எதைப் பொதி பண்ணப் போறம்? 20 கிராமுக்கு உட்பட்ட பிளாஸ்ரிக் சஷேக்களை, உணவும் மருந்தும் தவிர்த்து, 2021இல் இந்த நாடு தடை செய்தது. ஏன் எண்டு எங்கட வாய்க்கால்களைப் பார்த்தால் தெரியும். இன்னொரு சஷே மெசினைச் செய்து அதற்குச் 'சுதேச கண்டுபிடிப்பு' எண்டு விருது கொடுப்பதில் அர்த்தமில்லை. ஓலை, தாள், திரும்பப் பாவிக்கக்கூடிய போத்தல், இவற்றுக்கு மெசின் செய்வதுதான் கஷ்டம். கஷ்டமான இடத்தில்தான் போட்டி குறைவு.

மற்றது, மெசின் வந்தால் கையால் பக்கற் பண்ணுகிற பெண்களுக்கு என்ன நடக்கும்? மெசின் முதலாளியின் கையில் இருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குழுவின் கையில் இருந்தால் அவர்களே ஓட்டுவார்கள், கொஞ்சம் கூட விற்பார்கள், கை நோவும் குறையும். மெசின் நல்லதா கெட்டதா என்பதைவிட, அது ஆற்றை கையில் இருக்குது என்பதுதான் கேள்வி. கூட்டுறவுக்குப் பழக்கப்பட்ட மண் எங்களுடையது. பனை தென்னைவள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. எமிலியா-ரொமாஞ்யாவும் கூட்டுறவுக்குப் பெயர் போன மாகாணம்தான்.

இதை வாசிக்கிற உங்களில் ஆராவது ஒரு குழுவோடு வேலை செய்தால், ஒரு சின்ன விசயத்தைச் செய்து பாருங்கோ. அடுத்த மெசினுக்கு வெளிநாட்டுக்குக் காசு அனுப்ப முன்னம், இருக்கிற மெசின் எந்த இடத்தில் நிக்குது, ஏன் நிக்குது எண்டு ஒரு கொப்பியில் ஒரு மாதம் எழுதுங்கோ. எந்தத் தூள், என்ன காலநிலை, எந்தப் பாகம், எத்தனை மணித்தியாலம். அந்தக் கொப்பியோடு ஊர் லேத் பட்டறைக்கு ஒருக்காப் போங்கோ. போகேக்குள்ள பொறியியல் படிக்கிற ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவர்கள் மூன்று பேரும் முதல்முறை சந்திக்கிற இடம் அதுவாக இருக்கலாம்.